பிரிக்பீல்ட்ஸ் கிரேக்க வகுப்பு: கோப்பி அருமை, கையேடு மோசம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், மொத்தம் 12 வாரம், 480 ரிங்கிட். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், கிரேக்கர்கள் சாப்பிடுவது, கூப்பிடுவது, வாழ்த்துவது வழியாக இன்றைய பேச்சுமொழியைச் சொல்லித் தருகிறார்கள். ஹோமர் காலத்துக் கிரேக்கம் தேடுபவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

மூன்றாம் வாரக் கோப்பிப் பாடத்துக்கே பாதிக் காசு கொடுக்கலாம். நீண்ட கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம், பெயர் ‘பிரீக்கி’. ஒரு சிறு கோப்பைத் தண்ணீர், தேக்கரண்டி குவியத் தூள், வேண்டிய சீனி, மூன்றையும் முதலிலேயே கலக்கிச் சிறு தீயில் வைக்க வேண்டும். நுரை விளிம்புக்கு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் நுரை உடைந்துபோகும். நம் கோப்பிக்கடைத் தூள் இதற்குச் சரிவராது. அது துணி வடிகட்டிக்காகக் கொரகொரப்பாக அரைத்தது, சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. இதற்கு மாவு மாதிரி நைசான தூள் வேண்டும்.

சீனி போடாதது ‘ஸ்கெத்தோஸ்’, நம் ‘கோசோங்’தான். ஒரு கரண்டி போட்டது ‘மெத்ரியோஸ்’. ஆனால் கடையில் கேட்கும்போது ‘எனன் கஃபே மெத்ரியோ’. கடைசி ‘ஸ்’ எங்கே போனது? கோப்பி இங்கே செயப்படுபொருள். இரண்டாம் வேற்றுமைக்கு நமக்கு ‘ஐ’ ஒட்டும், அவர்களுக்கு ‘ஸ்’ கழலும். விளிக்கும்போதும் அப்படியே: கோஸ்தாஸ் எதிரே வந்தால் ‘கோஸ்தா!’, முருகன் முருகா ஆவதுபோல. நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு. நமக்கு அதை விளக்கவே வேண்டாம்.

உச்சரிப்பிலும் தமிழ் வாய்க்கு அனுகூலம்தான். மியூ (μ), பை (π) என்ற கிரேக்க எழுத்துகள் சேர்ந்தால் ‘தம்பி’யில் வரும் ‘ப’ ஒலி. டெல்ட்டாவுக்கு ‘அது’வில் வரும் ‘த’. தீட்டா மட்டும் நம்மிடம் இல்லை. நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துக் காற்றை விட வேண்டும்.

காலை வாருவது அழுத்தம். ‘போத்தே’யில் ‘போ’வை அழுத்தினால் ‘எப்போது’. ‘தே’யை அழுத்தினால் ‘ஒருபோதும்’. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நம் காது இதைப் பிடிப்பதில்லை. பழைய பல குறிகளைக் கழித்துவிட்டு 1982இல் கிரேக்கர்கள் ஒரே அழுத்தக் குறியை வைத்துக்கொண்டதே இதற்காகத்தான். கையேட்டிலோ முதல் ஐந்து வாரம் முழுக்கக் கிரேக்கச் சொற்கள் ரூமி (ஆங்கில) எழுத்தில். அந்த ஒற்றைக் குறியும் கிடையாது. ‘இ’ ஒலியைக் கிரேக்கத்தில் குறைந்தது ஐந்து விதமாக எழுதலாம். ரூமியில் பழகிவிட்டு ஆறாம் வாரம் எழுத்துக்கு வந்தால், படித்த சொல்லையெல்லாம் எழுத்துக்கூட்டி மறுபடி படிக்க வேண்டியதுதான்.

கடைசி வாரம் வரைபடம். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய புவியியலாளர் தாலமி ‘பொன் தீபகற்பம்’ என்று குறித்தது நம் மலாயாவைத்தான். தீபகற்பத்துக்கு இன்றைய சொல் ‘ஹெர்சோனிசோஸ்’. பெரும்பாலும் ஆண்பாலுக்கு வரும் ‘ஓஸ்’ என்று முடிந்தாலும் இது பெண்பால். வெளியேறும் வழிப் பலகையில் இருக்கும் ‘எக்ஸோதோஸ்’ஸும் இந்த ரகம். இவ்வளவு நல்ல உதாரணம் கையில் இருந்தும் வகுப்பில் இந்த விதியைத் தொடவில்லை.

சேருவதென்றால் 24 எழுத்தையும் முன்பே எழுதிப் பழகிக்கொண்டு போங்கள். ஆசிரியர் சொல்லச் சொல்ல அழுத்தக் குறியைப் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.