காரைக்குடி கிளினிக்குக்கு எந்த ஸ்கேனர்: மெடிட், ஏரல்ஸ்கேன், பழைய டிரையாஸ், இல்லை புட்டியே போதுமா?

கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் திருவிழா என்று சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், சீப்புச் சீடையைக் கடித்துப் பல் உடைந்து என் கிளினிக்குக்கு வந்துவிடுவார். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேள்வி வரும்: "டாக்டர், பத்து நாள்ல ஃப்ளைட்டு. அதுக்குள்ள கேப் போட்டுருவீங்கள்ல?" வேர் சிகிச்சைக்கே இரண்டு மூன்று சிட்டிங் போய்விடும். மிச்ச நாளில் பல்லைச் செதுக்கி, புட்டி என்ற பிசைந்த மாவை டிரேயில் வைத்து அளவெடுத்து, பார்சல் கட்டி மதுரை லேபுக்கு பஸ்ஸில் ஏற்ற வேண்டும். 90 கிலோமீட்டர் போலத்தான் தூரம். ஆனால் மூன்றாம் நாள் லேபிலிருந்து போன் வரும்: "சார், மார்ஜின் ஒரு பக்கம் இழுத்திருக்கு, இன்னொரு அளவு எடுத்து அனுப்புங்க." மார்ஜின் என்றால் செதுக்கிய பல்லில் கேப் வந்து உட்காரும் ஓரம். மறுபடி ஊசி, மறுபடி ஈறை விலக்கக் கார்டு என்ற நூல், மறுபடி பஸ். ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி ஆன பிறகுதான் வாய்க்குள் வைத்துப் படமெடுத்தே அளவெடுக்கும் ஸ்கேனரைப் பற்றி மும்முரமாக விசாரிக்கத் தொடங்கினேன்.

என் கிளினிக்கில் இரண்டு நாற்காலி, ஒரு டாக்டர், ஒரு உதவியாளர். புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்து ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். இந்த அளவு கிளினிக்குக்குப் பிரைம்ஸ்கேனும் டிரையாஸ் 5-ம் கட்டுப்படியாகாது. நான் உட்கார்ந்து ஒப்பிட்டது நான்கை: கொரியாவின் மெடிட் (ஐ600, அதன் அண்ணன் ஐ700 இரண்டும்), சீனாவின் ஹாங்சோ நகரத்து ஷைனிங் 3டி தயாரிக்கும் ஏரல்ஸ்கேன் 3, டென்மார்க்கின் 3ஷேப் தயாரித்த டிரையாஸ் 3, அதுவும் பழையதாக, நான்காவது, இத்தனை வருஷம் சோறு போட்ட புட்டி. இவற்றுக்கும் கீழே ஹீலியோஸ், பாண்டா என்று இன்னும் மலிவான ரகங்கள் உண்டு. அவற்றை என் நாற்காலியில் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது துல்லியம், இத்தனை மைக்ரான் என்று. அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரு கேப், இரண்டு கேப், மூன்று பல் பிரிட்ஜ் என்றால் மேலே சொன்ன மூன்று மெஷினுமே வேலைக்குப் போதும். வித்தியாசம் தெரிவது முழுத் தாடையில்தான். ஸ்கேனர் ஒரே பார்வையில் வாய் முழுவதையும் பார்ப்பதில்லை. சின்னச் சின்னப் படமாக எடுத்து, ஒன்றின் ஓரத்தை இன்னொன்றோடு பொருத்திக்கொண்டே போகிறது. ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். நீளமான பத்தியில் நூல் பிடிக்காமல் ஒரு கல்லை ஒட்டி அடுத்த கல்லை வைத்துக்கொண்டே போனால், முதல் கல்லில் தலைமுடி அளவு கோணல் அந்தக் கோடிச் சுவரில் விரல் அளவு இடைவெளியாக நிற்கும். ஸ்கேனரிலும் அதேதான். வலது கடைவாய்ப் பல்லில் தொடங்கி இடது கடைவாய்ப் பல்லுக்கு வருவதற்குள் சிறு பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. பல்லே இல்லாத ஈறில் இன்னும் சிரமம். வழுவழுவென்று ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் எதை எதோடு பொருத்துவது? முழு வாய் இம்ப்ளான்ட் செய்கிறவர்கள் பல கோணப் படங்களிலிருந்து இடத்தைக் கணிக்கும் போட்டோகிராமெட்ரி என்ற தனி முறைக்குப் போவது இதனால்தான். அதுதான் அங்கே நூல்.

இனி மெடிட்டும் ஏரல்ஸ்கேனும். கையில் பிடித்தால் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மெடிட்டின் டிப்பை, அதாவது வாய்க்குள் போகும் முனையை, தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் ஆறு கேஸ் எடுத்த பிறகு இதன் அருமை தெரியும். ஏரல்ஸ்கேனில் கையை அசைத்தே திரையை நகர்த்தலாம், கையுறையோடு மௌஸைத் தொட வேண்டாம். சின்ன டிப் இரண்டிலும் உண்டு. வாய் சரியாகத் திறக்காதவர்கள் இங்கே நிறைய பேர். புகையிலை, பாக்கு போட்டுப் போட்டுக் கன்னம் இறுகிப்போனவர்களுக்குச் சின்ன டிப் இல்லாமல் கடைவாய்ப் பக்கம் போகவே முடியாது.

இரண்டிலும் ஃபைல் திறந்த ஃபைல். எஸ்டிஎல், பிஎல்ஒய், ஓபிஜே, எந்த ஃபார்மட்டில் கேட்டாலும் எடுத்து எந்த லேபுக்கும் அனுப்பலாம். எஸ்டிஎல்லில் வடிவம் மட்டும் போகும், நிறம் போகாது. ஈறு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று லேபில் இருப்பவர் கண்ணால் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பிஎல்ஒய் அனுப்புங்கள். வருஷச் சந்தாவும் இரண்டிலும் கட்டாயமில்லை. சின்ன ஊர்க் கிளினிக்குக்கு இது பெரிய விஷயம். சந்தா இருந்தால், கேஸ் வராத ஆடி மாதத்திலும் அது மட்டும் நிற்காது.

மென்பொருளில் எனக்கு மெடிட் ஒரு படி மேலே தெரிந்தது. மெடிட் லிங்க்கில் லேபும் நானும் ஒரே கேஸைத் திறந்து குறிப்பு எழுதிக்கொள்ளலாம். விலை என்று வந்தால் நான் வாங்கிய கொட்டேஷன்களில் ஏரல்ஸ்கேன்தான் கைக்கு எட்டியது. இரண்டுக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் தனியாக வேண்டும். ஆர்டிஎக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம் என்று போனால் ஒரு லட்சத்தைத் தாண்டும். கொட்டேஷனில் இது இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டிரையாஸ் 3 ஒரு காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட மெஷின். கன்போக்கல் என்ற ஒளி முறையில் வேலை செய்யும், படமும் அருமையாக வரும். பழையதாக மலிவில் கிடைக்கிறது என்று தேவகோட்டை நண்பர் ஒருவர் எனக்கும் சொன்னார். நான் பின்வாங்கியதற்கு மெஷின் காரணமில்லை. பழைய ஸ்கேனர் எதை வாங்கினாலும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: மென்பொருள் உரிமம் என் பெயருக்கு மாறுமா, ஃபைலை வெளியே எடுக்க வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டுமா, டிப்பும் உதிரியும் இன்னும் எத்தனை வருஷம் கிடைக்கும். நான் பார்த்த விற்பனையாளரிடம் மூன்றுக்கும் வாய்வார்த்தைதான் இருந்தது.

அலைனர், அதாவது பல்லை வரிசைப்படுத்தும் கண்ணாடி போன்ற உறை, செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த அலைனர் நிறுவனம் எந்த ஸ்கேனரின் ஃபைலை ஏற்கும் என்பது நிரந்தரம் இல்லை. 2018-ன் தொடக்கத்தில் இன்விசலைன் அலைனரைத் தயாரிக்கும் நிறுவனம் அமெரிக்காவில் டிரையாஸ் ஸ்கேன்களை ஏற்பதை நிறுத்தியது. வாங்குவதற்கு முன் உங்கள் அலைனர் நிறுவனத்திடம் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள்.

புட்டியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கார்டு வைத்து, ரத்தம் நிறுத்தி, லைட் பாடி என்ற இளகலான பொருளைப் பொறுமையாக ஓட்டினால் ஈறுக்குக் கீழே இருக்கும் மார்ஜினுக்குள்ளும் அது வழிந்து போகும். ஸ்கேனருக்கு அது முடியாது. வெளிச்சம் படாத இடம் ஸ்கேனருக்கு இல்லாத இடம். எச்சில் ஒரு சொட்டு நின்றாலும் அதையே பல் என்று பதிந்துவிடும். ஆனால் கோடையில் ஏசி இல்லாத நேரம் புட்டி பிசைந்து டிரேயில் வைப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடும். லேடெக்ஸ் கையுறையோடு பிசைந்தால் சரியாக இறுகவே இறுகாது. ஆல்ஜினேட் என்ற அளவு மாவு என்றால் உடனே அச்சுக்கு ஸ்டோன் மாவு ஊற்றியாக வேண்டும், தாமதித்தால் நீர் விட்டுச் சுருங்கும். முழுப் பல் செட்டுக்கு நான் இன்றும் டிரேதான் எடுக்கிறேன். பெரிய பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்கள் நிறைந்த ஊர் இது. பல் செட் கேஸ்தான் உங்களுக்கு அதிகம் என்றால் ஸ்கேனருக்கு அவசரப்பட வேண்டாம். டிரேயில் எடுத்த அளவை லேபிலேயே மேசை ஸ்கேனரில் ஏற்றிக்கொள்வார்கள்.

பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு மெஷின் 7 லட்சம், லேப்டாப் 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 13,700 ரூபாய் போல வருகிறது. வட்டி தனி. டிப் ஒவ்வொன்றும் மாடலுக்குத் தக்கபடி 100, 150 முறை ஆட்டோகிளேவில் கிருமி நீக்குவதைத் தாங்கும், அதற்குப் பிறகு புதிது. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், மெஷினுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை நாம் எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது, அதுவும் விலைதான். ஒரு கேஸுக்குப் புட்டி, பார்சல் எல்லாம் சேர்த்து 500 ரூபாய் மிச்சம் என்றால், மாதம் 27, 28 கேஸ் இருந்தால்தான் மெஷின் தன் காசைத் தானே சம்பாதிக்கும். எனக்கு அத்தனை கேஸ் இல்லை. ஆனாலும் வாங்கினேன்.

ஏன் என்றால், டெமோ நாளில் நடந்தது. பள்ளத்தூரிலிருந்து எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. டிரேயைக் கண்டாலே குமட்டல் வரும். போன தடவை மேல் அளவு எடுக்க நான்கு முறை முயன்று, அவரும் அழுது, எனக்கும் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கு டிப்பை உள்ளே விட்டு, நடுவில் இரண்டு முறை நிறுத்தி, எச்சில் விழுங்கவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். புட்டியில் நடுவில் நிறுத்தவே முடியாது. முடித்ததும் திரையைத் திருப்பி, "அப்பத்தா, இதுதான் உங்க பல்லு" என்று காட்டினேன். "இம்புட்டுத்தானா மிச்சமிருக்கு?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தார்.

அதே திரையில் நான் இன்னொன்றைப் பார்த்தேன். கேப்புக்காக நான் செதுக்கியிருந்த பல்லின் பின்பக்கம் மார்ஜின் இரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு மழுங்கி, ஈறோடு கலந்து கிடந்தது. கண்ணாடியில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. பத்து மடங்கு பெரிதாகத் திரையில் வந்தபோது மறைக்க இடமில்லை. அப்போதே செதுக்கும் பர் எடுத்துத் திருத்தினேன். அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி ஸ்கேன் செய்தேன். லேப் மூன்று நாள் கழித்துச் சொல்லியிருக்க வேண்டியதை, நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே நானே தெரிந்துகொண்டேன். என் கைவேலையை எனக்கே காட்டிய கருவிக்குத்தான் காசு கொடுத்தேன்.

நான் வாங்கியது மெடிட் ஐ600. ஏரல்ஸ்கேன் 3-ம் அதே பல்லை எனக்குச் சரியாகவே காட்டியது. என்னை ஒரு பக்கம் சாய்த்தது மதுரை லேப். அங்கே தினமும் மெடிட் கேஸ்களைத்தான் பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது. உங்கள் லேப் ஏரல்ஸ்கேனுக்குப் பழகியது என்றால், குறைந்த விலையில் அதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். லேபைக் கேட்காமல் மெஷினை முடிவு செய்தால், மெஷினுக்காக லேபை மாற்ற வேண்டிவரும். நல்ல லேப் கிடைப்பது நல்ல ஸ்கேனர் கிடைப்பதை விடக் கஷ்டம்.

டெமோவுக்கு வருகிறவர் பிளாஸ்டிக் மாடலில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போகப் பார்ப்பார். விடாதீர்கள். உங்கள் நாற்காலியில், உங்கள் உதவியாளர் சக்ஷன் பிடிக்க, கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லில், மார்ஜின் ஈறுக்குக் கீழே இருக்கும் ஒரு நிஜக் கேஸைக் கொடுங்கள். பக்கத்தில் பழைய உலோகக் கேப் ஒன்று பளபளவென்று இருந்தால் இன்னும் நல்லது, அந்த மினுக்கத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரியும். முதல் முறை அவர் செய்யட்டும், இரண்டாவது முறை நீங்கள் செய்யுங்கள். ஃபைலை அங்கேயே உங்கள் லேபுக்கு அனுப்பி, மார்ஜினைக் குறிக்க முடிகிறதா என்று போனில் கேளுங்கள். கடைசியாக ஒன்று: கேபிளோ கைப்பிடியோ கெட்டால் சரிசெய்து வரும்வரை மாற்று மெஷின் தருவார்களா, எத்தனை நாளில், மதுரையிலிருந்தா சென்னையிலிருந்தா. பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.