கல்லா, செங்கல்லா, கான்கிரீட்டா, மரமா: கருவறையை எதில் கற்றுக்கொடுப்பது?

'ஒரு வழிபாட்டிடம் வடிவமைத்து வாருங்கள்' என்று மூன்றாம் ஆண்டு கட்டடக்கலை மாணவர்களிடம் சொன்னால், அடுத்த வாரம் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஒரு கோபுரம், ஒரு குவிமாடம், ஒரு சிலுவை. எல்லாம் ஃபோம்போர்டில் வெட்டி ஒட்டியவை. சுவர் எதனால் ஆனது என்று கேட்டால் ஒரு நொடி முழிப்பார்கள். அப்புறம் 'கான்கிரீட் சார்' என்பார்கள். சேலத்தில் பல ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் பயிற்சியையே மாற்றினேன்.

இப்போது விதி இதுதான். ஆறடிக்கு ஆறடி இடம். ஒருவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் தனியாக உட்கார வேண்டும். எந்த மதத்தின் சின்னமும் கூடாது. ஒரே ஒரு முக்கியப் பொருள். எட்டு வாரத்தில் மாணவர்களே தங்கள் கையால் முழு அளவில் கட்டி முடிக்க வேண்டும். சின்னத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எடை, ஒளி, வாசல், தரை, ஓசை. புனிதம் வர வேண்டுமென்றால் அவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

மாணவர்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1995-ஐச் சொல்வேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு வேலையாக யான்ஸி சிற்றாலயத்தைக் கட்டினார்கள். சுவருக்கு எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஆயிரம் பழைய டயர்கள். உள்ளே மண்ணை இடித்து நிரப்பி, மேலே பூசினார்கள். ஆக, முடியும். எந்தப் பொருளை அவர்கள் கையில் கொடுப்பது என்பதில்தான் எங்கள் ஆசிரியர் அறையில் சண்டை. நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் கல். சேலத்துக்காரனுக்கு வேறு எது முதலில் தோன்றும்? ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். சேர்வராயன் மலையே சார்னோகைட் என்ற கடும்பாறையால் ஆனது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலோ பக்கத்திலேயே இருக்கிறது. கெட்டி முதலிகள் எடுப்பித்த கோயில். கல் சங்கிலியையும், யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் பார்க்கத்தான் பலர் போகிறார்கள். நான் மாணவர்களை அழைத்துப்போனால் முதல் ஒரு மணி நேரம் சிற்பத்தைப் பார்க்கக் கூடாது. நாடாவை எடுத்துத் தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

ஏனென்றால் மண்டபத்தின் குணம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் உத்தரமாகப் படுக்க வைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவிசையைத் தாங்கும் வலு கல்லுக்கு மிகக் குறைவு. எட்டடி நீளம், இரண்டடி அகலம், முக்காலடி கனம் உள்ள ஒரு பலகைக்கல் ஏறத்தாழ 900 கிலோ வரும். அது தன் எடையையும் மேலே உள்ள தளத்தையும் சுமந்துகொண்டு விரிசல் விடாமல் நிற்க வேண்டுமென்றால், தூண்கள் நெருங்கித்தான் ஆக வேண்டும். தூணின் தலையில் இருக்கும் போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி அந்த நீளத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. தூண்கள் நெருங்குவதால் வெளிச்சம் உள்ளே போகப்போகத் தேய்கிறது. வெளிப் பிராகாரத்து வெயிலிலிருந்து கருவறை விளக்கு வரை கண் படிப்படியாக இருட்டுக்குப் பழகுகிறது. இதை மாணவர்கள் தாங்களாகவே அளந்து கண்டுபிடிக்கிற நாள் எனக்கு ஆண்டின் மிக நல்ல நாள். நாம் 'தெய்வீகம்' என்று சொல்லிவிட்டுப் போகும் இருட்டுக்குப் பின்னால் கல்லின் ஒரு பலவீனமும், அந்தப் பலவீனத்தை மதித்து நடந்துகொண்ட ஒரு ஸ்தபதியும் இருக்கிறார்கள்.

தாரமங்கலத்தில் இன்னும் இரண்டு பாடங்கள் உண்டு. கோயில் மேற்குப் பார்த்தது. மாசி மாதத்தில் சில நாட்கள் மாலை வெயில் உள்ளே நுழைந்து லிங்கத்தின் மேல் விழும். இன்னொன்று வாலி வதைச் சிற்பம். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரிய மாட்டான். பார்வைக்கோடு என்பதை நான் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் இந்த இரண்டு தூண்களுக்கு ஈடாகாது.

சரி, அப்படியென்றால் கல்லையே கொடுத்துவிடலாமே? கொடுத்தேன். ஏமாற்றம்தான். ஆறடி அறைக்குக் கூரைக்கல் தூக்க கிரேன் வேண்டும். கிரேன் வந்துவிட்டால் மாணவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். மீதி நாட்களில் உளியைக் கையில் கொடுத்து, கோயில் அடித்தளத்தில் ஓடும் உருண்டை விளிம்பான குமுத வரியில் ஓரடி நீளம் செதுக்கச் சொன்னேன். கையெல்லாம் கொப்புளம். கல்லின் பிடிவாதம் அவர்களுக்குப் புரிந்தது, அது உண்மை. ஆனால் எட்டு வாரமும் மேற்பரப்பிலேயே போனது. உள்வெளியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவே இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கற்பதை ஒரு செமஸ்டரில் தொட்டுவிடலாம் என்று நினைத்தது என் தவறு. கல்லை அளக்கலாம், வரையலாம், அதன் அடியில் உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பயிற்சிக்கு அதைக் கட்டப் பயன்படுத்த முடியாது.

செங்கல்லும் சுண்ணாம்பும் நேர் எதிர். ஒரு செங்கல் ஒரு கைக்கு அடங்கும். மெலிந்த மாணவியும் நாள் முழுக்க அடுக்கலாம். தப்பாக வைத்தால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். சிமென்ட்டைத் தொடக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. சுண்ணாம்புக் கலவை உடனே இறுகிவிடாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறுகிறது. அந்தச் சாந்து பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உள்வாங்கி மறுபடி கல்லாகிறது. மலையிலிருந்து வந்தது சுவரில் திரும்ப மலையாவதற்கு மாதங்கள் ஆகும். கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய முறை. அந்த வாசனைக்கே மாணவர்களின் பேச்சு குறைந்துவிடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேலத்தில் 'வெள்ளைக்கல்' என்றதும் சுண்ணாம்பு என்று நினைக்கும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. இங்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட். அது உலைக்களத்துச் செங்கல்லுக்குப் போவது. ஆங்கிலேயர் அந்தக் குன்றுகளுக்குச் சாக்பீஸ் மலை என்ற பொருளில் பெயர் வைத்ததில் தொடங்கிய குழப்பம் இது. சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் சங்ககிரிப் பக்கம் போக வேண்டும்.

கூரைக்கு வளைவு கட்டச் சொல்வதில்லை. ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கும் முறைதான். உள்ளே நாலடி இடைவெளி. இரண்டு பக்கமும் வரிசைக்கு இரண்டு அங்குலம் உள்ளே வந்தால் பன்னிரண்டு வரிசையில் உச்சி மூடிக்கொள்ளும். சென்ட்ரிங் தேவையில்லை. ஒவ்வொரு கல்லையும் பின்னால் இருக்கும் எடை பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழு சீக்கிரம் முடிக்க நினைத்து இரண்டு அங்குலத்துக்குப் பதில் நான்கு அங்குலம் தள்ளியது. கலவையில்லாமல் அடுக்கிப் பார்த்த ஒத்திகை, உள்ளே யாரும் இல்லை. ஆறாவது வரிசையில் எல்லாம் சரிந்தது. அதன் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் என்னிடம் எத்தனை அங்குலம் தள்ளலாம் என்று கேட்கவில்லை. விரலை வைத்தே பார்த்துக்கொண்டார்கள். பின்பக்கம் எவ்வளவு கனம் கட்ட வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் கொத்தனார் அறுபதைத் தாண்டியவர். மாணவிகளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். காலையில் வந்ததும் அவருடைய முதல் கேள்வி, 'கண்ணு, கல்ல நனைச்சு வெச்சீங்களா?' காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் பிடிப்பு இருக்காது. இந்த ஒரு கேள்விக்காக மாணவர்கள் முந்தின நாள் சாயங்காலமே தொட்டியில் செங்கல்லை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். சேலத்துப் பிள்ளைகள் ஆடிக்கு முன்பே விரதத்துக்கும் பண்டிகைக்கும் ஆயத்தமாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கட்டடத்துக்கும் அப்படி ஒரு ஆயத்தம் உண்டு என்பதை அவர்கள் இங்கேதான் பார்க்கிறார்கள்.

ஒளி செங்கல்லில் தானாகவே வருகிறது. ஒரு கல்லை விட்டுவிட்டால் துளை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய லொயோலா சிற்றாலயத்தின் செங்கல் ஜாலிகளை, அதாவது துளைவிட்டு அடுக்கிய சுவர்களை, படத்தில் காட்டுவேன். அதைப் பார்த்ததும் எல்லாரும் சுவர் முழுக்கத் துளை போடத் தொடங்குவார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் நிம்மதி இருக்காது, சல்லடைக்குள் இருப்பது போல இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக அடைப்பார்கள். கடைசியில் மூன்று துளைகளோடு நின்ற ஓர் அறை எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. அதில் ஒன்று தரையோடு ஒட்டி இருந்தது. காலை எட்டரை மணிக்கு வெளிச்சம் உட்கார்ந்திருப்பவரின் பாதத்தில் மட்டும் விழுந்தது.

கான்கிரீட்டுக்காக வாதாடும் நண்பர் என் துறையிலேயே இருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மாணவர்கள் நாளை கட்டப்போகும் கோயிலும் சர்ச்சும் மசூதியும் பெரும்பாலும் கான்கிரீட்தான். சேலம் மாவட்டத்தில் ஏத்தாப்பூர் அருகே 2022-இல் குடமுழுக்கு நடந்த முத்துமலை முருகன் சிலை 146 அடி. கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல் அந்த உயரம் இல்லை. மக்கள் அதன் முன் கைகூப்பி நிற்கிறார்கள். அந்தப் பொருளில் பக்தி வராது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஜெர்மனியில் சுவிஸ் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவமைத்து 2007-இல் முடிந்த புரூடர் கிளாஸ் சிற்றாலயத்தை நண்பர் எப்போதும் எடுத்துக்காட்டுவார். 112 மரத்தண்டுகளைக் கூடாரம் போலச் சாய்த்து நிறுத்தி, அதைச் சுற்றி நாளுக்கு அரை மீட்டராக 24 நாள் கான்கிரீட்டைக் கொட்டி இடித்து இறுக்கினார்கள். பிறகு உள்ளே இருந்த மரத்தை வாரக்கணக்கில் புகைய விட்டு எரித்தார்கள். கருகிய மரத்தின் தடமும் வாசனையும்தான் இப்போது அதன் உட்சுவர். கான்கிரீட்டின் மிகப் பெரிய பாடம் இதில் இருக்கிறது. உங்கள் உள்வெளி முதலில் வேறொரு பொருளில் இருக்க வேண்டும். கொட்டிய பிறகு அதை மாற்ற முடியாது.

அந்த 'மாற்ற முடியாது' என்பதுதான் எனக்குத் தடை. நாங்கள் செய்து பார்த்த ஆண்டு, ஏழு வாரம் சென்ட்ரிங் பலகையும் கம்பியுமாகப் போனது. ஒரு பகலில் கான்கிரீட் போட்டோம். பலகையைப் பிரித்தபோது ஒரு மூலை முழுக்க ஜல்லி தெரிந்தது, சரியாகக் குத்தி விடவில்லை. பூசி மறைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆனால் திருத்திக் கட்டிப் பார்க்கவும் வழியில்லை. முதல் முறை கட்டுகிறவனுக்குப் பத்துத் தவறாவது செய்ய இடம் வேண்டும். அந்த அறையை உடைக்கவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் பிடிக்காமல், இன்னும் வளாகத்தின் ஓரத்தில் விட்டுவைத்திருக்கிறோம்.

மரம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை வாங்கி, மலையிலேயே ஒரு வாரம் தங்கிக் கட்டினோம். விதியை அமெரிக்காவின் அர்க்கன்சாவில் கட்டடக்கலைஞர் ஃபே ஜோன்ஸ் 1980-இல் கட்டிய தார்ன்கிரவுன் சிற்றாலயத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். காட்டைச் சிதைக்கக் கூடாது என்பதால் இரண்டு பேர் தூக்க முடிந்த கட்டைகளையே அங்கே பயன்படுத்தினார்கள். மலையில் அந்த விதி தானே பொருந்தியது. மூட்டுகள் கற்றார்கள், ஒருவர் சுமைக்கு இன்னொருவர் தோள் கொடுப்பதைக் கற்றார்கள். ஆனால் கட்டி முடித்தவை எல்லாம் அழகான காட்சிமேடைகளாகத்தான் நின்றன. மஞ்சு கவிந்த அரை மணி நேரம் மட்டும் அவை வேறு ஏதோவாக இருந்தன. அது மலையின் வேலை.

அதே பயணத்தில், 5,326 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குகைக்குள் குனிந்து போக வேண்டும். மேலே பாறை, பக்கத்தில் ஈரம், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் வணங்கும் அந்த இடத்தில் கட்டியது என்று அதிகம் எதுவுமில்லை. வெளியே வந்த ஒரு மாணவன், 'சார், நம்ம வாசலை எதுக்கு ஏழடி வெச்சோம்?' என்று கேட்டான். நாங்கள் கீழே இறங்குவதற்குள், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள், அவர்கள் குழு வாசலை நாலரை அடிக்குக் குறைத்து நோட்டில் வரைந்து முடித்திருந்தது. நோட்டில் இருந்தது மரச்சட்டம் இல்லை. கனமான சுவரில் வெட்டிய வாசல்.

அதனால் என் முடிவு இப்படி. முதல் முறை கட்டும் மாணவர்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும். அதற்கு முன் தாரமங்கலத்தில் இரண்டு நாள் அளவெடுப்பு, சேர்வராயன் குகையில் ஒரு காலை. கான்கிரீட் நான்காம் ஆண்டுக்கு, நண்பரே நடத்தட்டும். மரம், விருப்பமுள்ளவர்களுக்கு விடுமுறையில்.

இந்த ஆண்டுக் குழுவுக்கு ஆடி பிறந்ததுமே குழி வெட்டிவிட்டோம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு சுண்ணாம்பை நீற்றி, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி விட்டிருக்கிறோம். பச்சைச் சுண்ணாம்பில் ஐப்பசி மழை அடித்தால் மூட்டுகள் கரைந்துவிடும். புரட்டாசிக்குள் பன்னிரண்டாம் வரிசை மூட வேண்டும்.