ட்ரை நீடிலிங்: நான்கு அமர்வுகளுக்குப் பின் என் மதிப்பீடு

கழுத்தும் வலது தோளும் சேரும் இடத்தில் எட்டு மாதங்களாக இருந்துவந்த இறுக்கத்துக்காக, ஒரு பிசியோதெரபி மையத்தில் ட்ரை நீடிலிங் என்னும், மருந்தில்லாத ஊசியைத் தசைக்குள் செலுத்தும் சிகிச்சையை நான்கு அமர்வுகள் எடுத்துக்கொண்டேன். வலி தோளிலேயே நிற்காமல் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டில் வந்து தங்கும் என்பதால், அதை வெறும் தலைவலி என்று நினைத்து மாத்திரைகளிலேயே வெகுகாலத்தைக் கழித்துவிட்டேன்.

முதல் அமர்வை நடத்திய சிகிச்சையாளர், ஊசியை எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் விரல்களால் மட்டுமே தேடினார். கழுத்திலிருந்து தோள்வரை பரவும் ட்ரபீசியஸ் தசையின் மேல்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிக்கொண்டே வந்தவர், முறுக்கிய நூல்போல் தட்டுப்பட்ட ஓர் இழையில் நின்று அழுத்தியதும், நெற்றிப்பொட்டில் அதே வலி எழுந்தது. “உங்களுக்கு வழக்கமாக வருகிற வலி இதுதானா?” என்று கேட்டு, நான் ஆமாம் என்ற பிறகே அந்த இடத்தை ட்ரிகர் பாயிண்ட், அதாவது அழுத்தினால் வேறிடத்திலும் வலியை எழுப்பும் தசை முடிச்சு, என்று குறித்துக்கொண்டார். அடியில் நுரையீரலின் உச்சி இருப்பதால் ஊசி ஆழமாகப் போனால் ஆபத்து என்பதையும், அதனால்தான் தசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்துவதாகவும் முன்கூட்டியே சொல்லி, என் ஒப்புதலை எழுத்தில் வாங்கினார். அவருடைய இந்த நிதானம் எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது.

ஊசியில் மருந்து ஏதும் இல்லை. உள்ளே துளையே இல்லாத, சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி அது. வலியைக் குறைப்பதில் மருந்தைக் காட்டிலும் ஊசிக்கே பங்கு அதிகம் என்று செக் நாட்டு மருத்துவர் காரெல் லூயிட் 1979இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த முறை கவனம் பெற்றது. தோலைத் துளைத்தது எனக்குத் தெரியவே இல்லை. ஊசியை மூன்றாவது முறை மேலும் கீழும் நகர்த்தியபோது, தசை தானாகவே ஒருமுறை வெட்டி இழுத்தது. கண்ணிமை துடிப்பதைப் போன்றது, ஆனால் பல மடங்கு பலமானது. தண்டுவடம் வழியாக நிகழும் இந்த அனிச்சைத் துடிப்பைத்தான் சிகிச்சையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ட்ரிகர் பாயிண்டுக்குள் ஊசி மின்முனையைச் செலுத்திப் பார்த்தால், உடல் ஓய்வில் இருக்கும்போதும் அங்கே மின்செயல்பாடு தொடர்வதை 1993இல் ஹப்பர்ட், பெர்காஃப் என்ற ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். நரம்பு தசையைச் சேரும் முனையில் தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கசிந்து, அந்தச் சிறுபகுதி ஓயாமல் சுருங்கியிருப்பதால் ரத்த ஓட்டம் குறைந்து வலி உண்டாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. முயல்களில் நடந்த சோதனையில், ஊசி குத்திய பின் அந்த மின்செயல்பாடு தணிந்தது. நான் சென்ற மையத்தில் தோலின் மேல் ஒட்டும் மின்முனைகளால் ஈஎம்ஜி, அதாவது தசையின் மின்செயல்பாட்டுப் பதிவு, எடுத்தார்கள். முதல் அமர்வுக்கு முன், கையை இறக்கிய பிறகும் திரையில் கோடு சில விநாடிகள் தடித்தே இருந்தது. குத்திய பிறகு அது விரைவாக மெலிந்தது. ஆனால் தோல்மேல் எடுக்கும் பதிவு தசை முழுவதன் செயல்பாட்டைக் காட்டுமேயன்றி முடிச்சுக்குள் நடப்பதைக் காட்டாது என்றும், மின்முனை சற்று நகர்ந்தாலே அளவு மாறும் என்றும் சிகிச்சையாளரே எடுத்துச் சொன்னார்.

குறைகளும் உண்டு. ஒரு நாள்தான் இருக்கும் என்று சொல்லப்பட்ட ஊசி வலி இரண்டு நாட்கள் நீடித்தது. மூன்றாவது அமர்வில் வந்த வேறொரு சிகிச்சையாளர் முடிச்சைத் தேடாமலே அடுத்தடுத்து ஐந்து ஊசிகளைக் குத்த, துடிப்பு ஒன்றும் வரவில்லை. ரத்தக்கட்டு மட்டும் மிஞ்சியது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறேனா என்றுகூட அவர் கேட்கவில்லை என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வரவேற்பறைப் பலகையில் இருக்கும் “நிரந்தரத் தீர்வு” என்ற வாசகத்தையும் அவர்கள் நீக்க வேண்டும். குறுகிய காலத்துக்கு வலி குறைவதற்குத்தான் ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது.

இப்போது தலைவலி வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஊசியால் கிடைத்த தளர்வை வைத்துக்கொண்டு தோள்பட்டைப் பயிற்சிகளைத் தினமும் செய்துவருவதற்கும் இதில் சம பங்கு உண்டு என்றே கருதுகிறேன். ஐந்தாவது அமர்வுக்கு, முதல் அமர்வில் பார்த்த சிகிச்சையாளரிடமே நேரம் கேட்டிருக்கிறேன்.