ஜிப் 3.0, அன்ஜிப் 6.0: உடைந்த கல்யாணப் படக் கோப்பு ஒன்றை மீட்ட கருவிகள்

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் புகைப்பட அச்சும் இணையச் சேவையும் ஒன்றாக நடக்கும் சிறிய கடை என்னுடையது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் ஜிப் கோப்புகளைத் திறக்கவும் சோதிக்கவும் ஆறு ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது இன்ஃபோ-ஜிப் குழுவினர் உருவாக்கிய ஜிப், அன்ஜிப் ஆகிய இரண்டு கட்டளை வரிக் கருவிகளை, அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவிகளை. இரண்டும் இலவசம். லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் டெர்மக்ஸ் செயலி வழியாக ஓடுகின்றன. கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். 'எஃப்', 'எஃப்எஃப்' இரண்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து.

சென்ற ஆனி மாதத்தில் பாம்பனிலிருந்து ஓர் அண்ணன் பென்டிரைவோடு வந்தார். "தம்பி, திறந்தா ஃபைல் சரியில்லைன்னு சொல்லுது. தங்கச்சி கல்யாணம் மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். வெளியூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் 412 படங்களை 2.3 ஜிபி அளவுள்ள ஒரே ஜிப் கோப்பாக இணைப்பில் அனுப்பியிருக்கிறார். கச்சான் காற்று ஓங்கி அடித்த நாளில் பதிவிறக்கம் நடந்ததால், கரண்ட் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. 1.7 ஜிபி மட்டுமே இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது இணைப்பு காலாவதியாகியிருந்தது. புகைப்படக்காரர் மெமரி கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்.

முதலில் 'அன்ஜிப் -எல்' கொடுத்தேன். உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிடும் கட்டளை அது. பட்டியல் வரவில்லை, கோப்பின் இறுதியில் இருக்க வேண்டிய மைய அட்டவணையின் முடிவுக் குறியைக் காணவில்லை என்ற செய்திதான் வந்தது. பலர் இந்த இடத்தில் கோப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டத் தேவையில்லை என்பதற்குக் காரணம் ஜிப் வடிவத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கல்யாண வீட்டில் மொய்க் கவர் ஒவ்வொன்றின் மேலும் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு மொய் நோட்டில் மொத்தப் பட்டியலும் ஏறும். 1989-இல் ஃபில் கட்ஸின் பிகேவேர் நிறுவனம் வெளியிட்ட ஜிப் வடிவமும் ஏறக்குறைய இவ்வாறுதான் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதன் பெயரும் பிற விவரங்களும் கொண்ட ஒரு சிறு தலைப்பு இருக்கிறது. எல்லாப் படங்களும் முடிந்த பிறகு, கோப்பின் கடைக்கோடியில், மொத்தப் பட்டியல் இருக்கிறது. திறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் நோட்டைத்தான் முதலில் தேடுகின்றன. பாதியில் நின்ற பதிவிறக்கத்தில் தொலைவது வால்பகுதி, அதாவது நோட்டு. கவர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கவர்களைப் படித்து நோட்டைத் திரும்ப எழுதும் வேலையைத்தான் 'ஜிப் -எஃப்எஃப்' செய்கிறது. அதற்கு முன்பு, பென்டிரைவில் இருந்த கோப்பைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவைக் கழற்றி அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டேன். மூலத்தின் மீது பழுதுபார்ப்பு எதையும் ஓட்டக் கூடாது. பிறகு 'ஜிப் -எஃப்எஃப்' என்பதை அடுத்து உடைந்த கோப்பின் பெயரையும், '--அவுட்' என்பதை அடுத்துப் புதிய கோப்பின் பெயரையும் கொடுத்தேன். இது ஒரே வட்டில் அடங்கிய கோப்பா என்று கருவி கேட்டது. பெரிய கோப்புகளைப் பல ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாகப் போட்ட காலத்தின் கேள்வி அது. இன்று வரும் கோப்புகளுக்குப் பெரும்பாலும் 'ஒய்' என்பதே பதில். ஒற்றை 'எஃப்' என்றொரு கட்டளையும் உண்டு. அதற்கு இறுதிப் பட்டியல் ஓரளவாவது நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதால் இங்கே அது உதவாது.

திரையில் படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில நிமிடங்களில் கருவி எதிர்பாராத முடிவைத் தொட்டு நின்றது. புதிய கோப்பின் மீது 'அன்ஜிப் -டி' ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) என்ற சோதனையை ஓட்டினேன். 306 படங்கள், ஒன்றிலும் பிழையில்லை. அறுந்துபோன 307-ஆவது படத்தை 'ஜிப் -எஃப்எஃப்' விட்டுவிட்டது. உடைந்த கோப்பின் நகலை 7-ஜிப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் 'எக்ஸ்' கட்டளையால் பிரித்தபோது அந்தப் பாதிப் படமும் வந்தது: பந்தலின் சீரியல் விளக்குகளும் மணமகளின் நெற்றிச்சுட்டியும் தெளிவாகத் தெரிய, அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். அண்ணன் அதையும் அச்சிட்டுத் தரச் சொன்னார்.

இரண்டாவது வகைச் சேதம் வேறு, அதில் ஏமாந்துபோவது எளிது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரு கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தீவில், உப்புக் காற்று பென்டிரைவின் உலோக முனைகளைக்கூட விட்டுவைப்பதில்லை. அப்படி முனை பச்சை பூத்த ஒரு பென்டிரைவிலிருந்து வந்த ஜிப் கோப்புக்கு 'அன்ஜிப் -எல்' முழுப் பட்டியலையும் தயங்காமல் காட்டியது. பெயர், அளவு, தேதி எல்லாம் சரி. '-டி' ஓட்டியபோதுதான் 11 படங்களில் சிஆர்சி பொருந்தவில்லை என்று சொன்னது. நோட்டில் கணக்கு சரியாக இருக்கிறது, கவருக்குள் பணம் குறைகிறது என்பதற்கு ஒப்பான நிலை. சிஆர்சி என்பது ஒவ்வொரு கோப்புக்கும் சேர்த்து வைக்கப்படும் 32 பிட் சரிபார்ப்பு எண். சேதம் இருக்கிறது என்று சொல்ல அதனால் முடியும், சேதத்தைச் சீர்செய்ய முடியாது. '-எஃப்எஃப்' தரவைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே புதிய கோப்புக்கு மாற்றுவதால், அந்த 11 படங்களும் கெட்ட நிலையிலேயே புதிய கோப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. பழுதுபார்ப்பு என்ற பெயரைக் கேட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஆனாலும் கெட்டவை 11 மட்டுமே என்பது ஜிப் வடிவத்தின் பெரிய நன்மை. அதில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்ட 7-ஜிப்பின் சொந்த வடிவமோ பல கோப்புகளைத் தொடர்ச்சியாக ஒரே பாளமாகச் சுருக்கும் வழக்கம் உடையது. எழுத்துக் கோப்புகள் அதில் மிக நன்றாகச் சிறுத்துவிடும், ஆனால் பாளத்தின் நடுவே ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் வரும் கோப்புகளும் சேர்ந்து போய்விடக்கூடும். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் எந்த வடிவத்திலும் அவை பெரிதாகச் சிறுக்கப் போவதில்லை. ஆகவே புகைப்படங்களுக்கு ஜிப்பே பொருத்தமானது என்பது என் தீர்மானமான கருத்து.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜிப் 3.0 வெளிவந்தது 2008-இல், அன்ஜிப் 6.0 வெளிவந்தது 2009-இல்; இன்றும் நாம் பயன்படுத்துவது அவற்றைத்தான், பாதுகாப்புத் திருத்தங்களை லினக்ஸ் வெளியீட்டாளர்கள்தான் ஒட்டித் தருகிறார்கள். ஏஇஎஸ் என்ற மறைக்குறியாக்க முறையில் கடவுச்சொல் இட்ட கோப்புகளை அன்ஜிப் 6.0 திறக்காது, அப்போது 7-ஜிப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கணினியின் மொழி அமைப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கவல்ல யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் ஹேஷ் குறியும் எண்களுமாகச் சிதறித் தெரியும். ஜிப் கோப்புக்குள்ளே சுருக்காமல் வைக்கப்பட்ட இன்னொரு ஜிப் இருந்தால் '-எஃப்எஃப்' குழம்பி, உள்ளே இருக்கும் கோப்பின் படங்களை வெளியே இருப்பவையாக எண்ணிவிடக்கூடும்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அன்ஜிப்பில் '-ஜே', 7-ஜிப்பில் 'இ' ஆகிய இரண்டும் கோப்புறைகளைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டு கேமராக்களில் எடுத்த கல்யாணத்தில் ஒரே எண் கொண்ட படங்கள் இரு கோப்புறைகளிலும் இருப்பது சாதாரணம். மேலெழுதவா என்ற கேள்விக்கு அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னால், முதல் கேமராவின் தாலிகட்டை இரண்டாவது கேமராவின் பந்தி மூடிவிடும். வெறும் அன்ஜிப்பும் 7-ஜிப்பின் 'எக்ஸ்' கட்டளையும் கோப்புறைகளை இருந்தபடியே காப்பாற்றுகின்றன.

நடுவில் கெட்டதையும் சீர்செய்ய வேண்டுமென்றால் முன்கூட்டியே உபரித் தரவு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ரார் என்ற இன்னொரு சுருக்க வடிவத்தில் மீட்புப் பதிவு என்ற வசதி அதற்கென்றே இருக்கிறது. ஆனால் ரார் உருவாக்கும் கருவி விலைக்கு உரியது. நான் பார்2 என்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு ஜிப்புக்கும் 10 சதவீத அளவுக்கு உபரிக் கோப்புகள் செய்து, தனிப் பென்டிரைவில் வைக்கிறேன். அந்த அளவுக்குள் அடங்கும் சேதத்தை அது பிட் மாறாமல் திருப்பித் தந்துவிடும். உடைந்த பிறகு பார்2 செய்வதில் பயன் இல்லை.

ஜிப், அன்ஜிப் இரண்டுக்கும் சேர்த்து ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று ஏஇஎஸ் இல்லாமைக்காக. கொடுத்த நான்கில் பெரும்பங்கு, எல்லோரும் தேடி வரும் '-எஃப்எஃப்' கட்டளையைவிட, யாரும் ஓட்டிப் பார்க்காத '-டி' கட்டளைக்கே உரியது. பென்டிரைவில் எழுதிய கையோடு அதை ஓட்டினால் கணினி தன் நினைவகத்தில் இருக்கும் நகலைப் படித்துச் சரி என்று சொல்லிவிடக்கூடும். அதனால் என் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு பென்டிரைவையும் முறையாக வெளியேற்றி, கழற்றி, மீண்டும் செருகி, அதிலிருந்தே 'அன்ஜிப் -டி' ஓட்டி, பிழையில்லை என்ற கடைசி வரியை வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டிய பிறகே கையில் கொடுக்கிறேன்.