கையால் எழுதிய தளமா, மென்பொருள் கட்டிய தளமா: ஆத்தங்குடிக் கல் பற்றிய ஓர் இணையதளத்தை வைத்து அலசல்

பொழுதுபோக்காக ஒரு இணையதளம் போட நினைக்கும் செட்டிநாட்டுக்காரர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டையா காலத்து வீட்டின் தலைவாசல் மரவேலை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூ வகைகள், கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள், ஒன்பது நகரக் கோயில்கள், ஆச்சிமார் பின்னும் கொட்டான். எல்லாமே படம் நிறைந்தவை, தமிழில் எழுத வேண்டியவை. படிக்கப்போகிறவர்கள் பாதிப்பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, அதுவும் கைபேசியில். ஆகவே "எது சுலபம்" என்று மொட்டையாகக் கேட்பதில் பொருளில்லை. 40 பக்கம், 600 படம், முழுக்கத் தமிழ் என்று ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிய ஒரு இணையதளத்தை (இனி, கல் தளம்) எடுத்துக்கொண்டு, எச்டிஎம்எல் என்ற பக்க மொழியில் கையாலேயே எழுதுவது, மென்பொருளை வைத்துக் கட்டுவது என்ற இரண்டு வழியையும் உரசிப் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தளத்தைத் திருத்தப்போவது நீங்கள் ஒருவர்தான் என்றால் கையால் எழுதுங்கள். நாலு ஊரில் இருக்கும் பங்காளிகள் ஆளுக்கொரு கை வைப்பார்கள் என்றால் மென்பொருள்தான். மற்ற காரணங்களெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

கையால் எழுதுவது என்றால் என்ன வேலை?

பலர் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு ஃபோல்டர். அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் முதல் பக்கம், அலங்காரத்துக்கு ஒரே ஒரு சிஎஸ்எஸ் ஃபைல், படங்களுக்குத் தனி ஃபோல்டர். எழுத நோட்பேட்++ அல்லது விஎஸ் கோட், இரண்டும் இலவசம். தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, பட்டியல், அட்டவணை என்று பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் டேக் பதினைந்து தெரிந்தால் கல் தளம் முழுவதையும் எழுதிவிடலாம். எல்லாம் மடிக்கணினியிலேயே இருப்பதால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளிலும், பேட்டரி இருக்கும்வரை வேலை ஓடும்.

பிசகுவது பக்கத்தின் தலைப்பகுதியில்தான். அங்கே நான்கு வரிகள் கட்டாயம். டாக்டைப் வரி விட்டுப்போனால் பிரவுசர் பழைய காலத்துப் பக்கம் என்று நினைத்து அளவுகளைத் தாறுமாறாகக் கணக்கிடும். மொழி 'டிஏ', அதாவது தமிழ் என்று சொல்ல வேண்டும். வியூபோர்ட் வரி இல்லாவிட்டால் கைபேசி பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நான்காவது, எழுத்துகளை எந்த முறையில் சேமித்திருக்கிறோம் என்று சொல்லும் யூடிஎஃப்-8 குறியேற்ற அறிவிப்பு. இது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வந்தாக வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தின் மேல் வரும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட் பிடிக்கும். நீளமான தமிழ் விளக்கத்தை மேலே போட்டு அறிவிப்பைக் கீழே தள்ளினால் ஏறக்குறைய 340 குறியிலேயே எல்லை தாண்டிவிடும். அறிவிப்புக்குத்தான் முதல் இடம்.

தமிழ் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. தலையில் கீறல் போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, அறிவிப்பு வரிதான் இல்லை. சேர்த்தால் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால், பழைய நோட்பேட் தமிழுக்கு இடமில்லாத 'ஆன்சி' வடிவில் சேமித்து எழுத்தையே தின்றுவிட்டது என்று பொருள். அது திரும்பாது, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். 2019-இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் இருந்து நோட்பேடின் இயல்பு வடிவமே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. கணினி அதைவிடப் பழையது என்றால் கவனம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்த பழைய ஃபைல் இருந்தால், எந்த வழிக்குப் போனாலும் முதலில் இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இதில் மென்பொருளும் கைகொடுக்காது.

சிஎஸ்எஸ்ஸில் தமிழுக்கென்று மூன்று கவனம். வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கிலத்துக்கான 1.4-இல் கொக்கியும் சுழியும் மேல்வரியோடு முட்டும். நீண்ட சொற்கள் கைபேசித் திரையைத் தாண்டி ஓடாமலிருக்கச் சொல்லை உடைக்க அனுமதிக்கும் 'ஓவர்ஃப்ளோ ராப்' வரி வேண்டும். எழுத்துரு எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.

கல் படங்களை வரிசையாக அடுக்க சிஎஸ்எஸ்ஸில் உள்ள 'கிரிட்' ஒரே வரியில் முடிந்துவிடும்: ஒவ்வொரு கட்டமும் குறைந்தது 160 பிக்சல், இடமிருந்தால் விரியட்டும். 360 பிக்சல் கைபேசியில் இரண்டு கட்டம் 320, நடு இடைவெளி 12, இரு ஓரமும் 12 வீதம் 24, மொத்தம் 356. இரண்டு கல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஓரத்தை 16 ஆக்கினால் கூட்டு 364, உடனே ஒற்றை வரிசையாகச் சரிந்துவிடும். "கணினியில் நன்றாகத்தானே இருந்தது" என்று தலையைச் சொறிய வைப்பது இப்படிப்பட்ட நாலு பிக்சல்தான்.

ஏற்றிய பிறகு படம் மட்டும் தெரியவில்லையா? ஃபைல் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, சர்வரில் இருக்கும் லினக்ஸுக்கு வேறு வேறு. கேமரா கொடுக்கும் பெரிய எழுத்து 'ஜேபிஜி' வாலை மொத்தமாகச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

மென்பொருள் என்றால் எந்த மென்பொருள்?

இங்கே மூன்று இனத்தை ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள். முதல் இனம், உங்கள் கணினியில் இருந்துகொண்டு எச்டிஎம்எல் ஃபைலையே கக்கும் டிரீம்வீவர் வகை. 1997-இல் மேக்ரோமீடியா வெளியிட்டது, 2005-இல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது, இன்று சந்தா கட்டித்தான் வாங்க வேண்டும். பொழுதுபோக்குக்கு அந்தச் சந்தா வீண். இதே இனத்தில் மைக்ரோசாஃப்டின் ஃப்ரண்ட்பேஜ் சொல்லும் பாடம் இன்றைக்கும் பொருந்தும். அதன் வருகை எண்ணி, படிவம் போன்றவை ஓட சர்வரில் தனி நீட்சி வேண்டும். தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர்கள் அதை எடுத்தபோது பக்கம் நின்றது, அந்த உறுப்புகள் செத்தன.

இரண்டாவது, பிரவுசரிலேயே இழுத்துப் போட்டுக் கட்டும் விக்ஸ், கூகுள் சைட்ஸ் வகை. மூன்றாவது, சர்வரில் நிறுவிக்கொண்டு பிரவுசர் வழியாக எழுதும், 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸ். கல் தளத்துக்குப் போட்டி உண்மையில் இந்த இரண்டோடுதான்.

இவற்றின் பலத்தை மறைக்கக் கூடாது. கானாடுகாத்தானில் நின்று எடுத்த படத்தை அங்கிருந்தே கைபேசியில் ஏற்றிவிடலாம். வேர்ட்பிரஸ் 2015 முதல் ஒரே படத்துக்குப் பல அளவு செய்துவைத்து, திரைக்குத் தக்கதை பிரவுசரே எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. கையால் எழுதுகிறவர் இதை ஒவ்வொரு படத்துக்கும் தானே செய்ய வேண்டும், உண்மையில் யாரும் செய்வதில்லை. வாசகர் கருத்து, தொடர்புப் படிவம் இரண்டும் சொடுக்கில் வரும். கையால் எழுதிய பக்கம் படிவத்தைக் காட்டும், வாங்கி வைத்துக்கொள்ளாது. அதற்கு வெளிச் சேவை ஒன்றை நாட வேண்டும்.

தமிழுக்கு வந்தால் மென்பொருள் கொஞ்சம் தடுமாறும். டெம்ப்ளேட் எல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரைந்தவை. நீங்கள் ஆசையாகத் தேர்ந்த தலைப்பு எழுத்துருவில் தமிழே இருக்காது, கைபேசியின் சாதா எழுத்துரு வந்து நிற்கும். மேற்கோளைச் சாய்த்துக் காட்டினால் தமிழ் காற்றில் சாய்ந்த வாழை போலத் தெரியும். எழுத்துகளுக்கிடையே அலங்கார இடைவெளி போட்ட தலைப்பில் சொல் இளகி உதிரும். வேர்ட்பிரஸில் இதைச் சிஎஸ்எஸ் எழுதித் திருத்தலாம், கூகுள் சைட்ஸில் அந்தக் கதவே கிடையாது.

இன்னொரு குழி முகவரியில். 'ஆத்தங்குடி' என்பது கணினிக்கு 10 குறி, 30 பைட். முகவரியில் சதவீதக் குறிகளாக மாறும்போது 90 எழுத்து. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானே செய்யும் முகவரிக்கு 200 எழுத்து எல்லை, அதாவது சுமார் 22 தமிழ்க் குறி. 'ஆத்தங்குடிக் கல் செய்யும் முறை' என்று தலைப்பிட்டால் 'செய்யும்' என்பதன் கடைசிப் புள்ளியிலேயே வெட்டுப்பட்டு, 'முறை' காணாமல் போகும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் வெளியிடும் முன் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பும் அரை முழம் நீளாது.

படம்: இரண்டு வழிக்கும் பொதுவான பாரம்

கைபேசிப் படம் ஒன்று 4 எம்பி என்றால் 600 படம் 2.4 ஜிபி. கையால் எழுதியதை இலவசமாக வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸில் தளத்துக்கு எல்லை 1 ஜிபி. படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் 250 கேபி அளவில் சேமித்தால் மொத்தமே 150 எம்பி. வேர்ட்பிரஸ் குறைப்பதைத் தானே செய்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. 4000 பிக்சல் படத்துக்கு 150-இலிருந்து 2560 வரை ஏழு அளவு செய்து, அசலையும் வைத்துக்கொள்ளும். 600 படம் 4,800 ஃபைலாகிறது. மலிவு ஹோஸ்டிங்கில் இடத்தைவிட ஃபைல் எண்ணிக்கைதான் முதலில் முட்டும். எப்படியானாலும் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். கையால் எழுதும்போது படத்தின் அகல உயரத்தையும் டேக்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரச் சேரப் பக்கம் துள்ளும்.

(கல்லைப் படமெடுப்பது தனிக் கலை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி வார்ப்பதால் அதன் முகம் பளபளக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் உங்கள் தலையும் கைபேசியும்தான் கல்லில் விழும்.)

இதைவிட முக்கியமானது ஒன்று: படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவல். வருஷத்துக்கு ஒருமுறை, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும் திறக்கும் வீட்டின் நிலைக்கதவைப் படமெடுத்து அசல் ஃபைலைப் போட்டால், வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுகிறீர்கள். பழைய கதவுக்கும் தூணுக்கும் என்ன விலை என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையால் எழுதும் தளம் படத்தை அப்படியே வைக்கும். வேர்ட்பிரஸும் அசலைச் சர்வரில் வைத்திருக்கும். ஏற்றும் முன்பே விண்டோஸில் ஃபைல் பண்புகளுக்குள் போய் அதை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இருப்பிடம் நீங்கும், ஆவணமாக அனுப்பினால் நீங்காது.

நாற்பது பக்கத்திலும் ஒரே பட்டி

கையால் எழுதுவதன் பெரிய தொல்லை இது. மேலே உள்ள பட்டியில் ஒரு இணைப்பைக் கூட்ட நாற்பது ஃபைலைத் திறக்க வேண்டும். பத்துப் பக்கம்வரை விஎஸ் கோடில் 'எல்லா ஃபைலிலும் தேடி மாற்று' போதும். ஆனால் ஒரு பக்கத்தில் கூடுதலாக ஒரு இடைவெளி இருந்தாலும் அது மட்டும் மாறாமல் தங்கிவிடும். மாறியவற்றின் எண்ணிக்கை உங்கள் பக்க எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஜெக்கில், ஹியூகோ மாதிரி ஒரு ஜெனரேட்டருக்கு மாறலாம். பட்டி ஒரு ஃபைலில், உள்ளடக்கம் தனித்தனி ஃபைலில் இருக்கும், அதுவே நாற்பதையும் அச்சடித்துத் தரும். ஜெக்கில் கிட்ஹப் பேஜஸிலேயே ஓடும். பட்டியே வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் 'முகப்பு' என்று ஒரே ஒரு இணைப்பு போதும் என்பதும் நல்ல முடிவுதான்.

ஐந்தாம் வருஷம்

பொழுதுபோக்குத் தளங்கள் தொடர்ந்து பராமரிக்கப்படுவதில்லை. ஆர்வம் வடியும், வேலை வரும், இரண்டு வருஷம் யாரும் தொடமாட்டார்கள். கையால் எழுதிய பக்கம் அப்படியே கிடக்கும். வேர்ட்பிரஸைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. வசதிக்காகக் கூட்டிக்கொண்டு, பிறகு புதுப்பிக்காத செருகுநிரல் (பிளக்இன்) வழியாகத்தான் உள்ளே நுழைந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். காப்பு எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. படங்கள் ஒரு ஃபோல்டரிலும் எழுத்து முழுவதும் டேட்டாபேஸிலும் இருக்கும். ஃபோல்டரை மட்டும் இறக்கி வைத்தவருக்குக் கடைசியில் படம் மிஞ்சும், ஒரு வரி எழுத்து மிஞ்சாது.

வெளியேறும் வழியையும் உள்ளே போகும் முன் பாருங்கள். விக்ஸில் கட்டியதை அப்படியே எடுத்துப்போய் வேறு இடத்தில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸிலிருந்து முழுதாகக் கிளம்பலாம். கையால் எழுதியது என்றால் ஃபோல்டரை பென்டிரைவில் போட்டால் முடிந்தது. லட்சக்கணக்கானவர்கள் இலவசமாகத் தளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, கையில் பிரதி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் தளத்தின் பெயரான டொமைனில் இல்லை, அது இரண்டுக்கும் பொது. முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ஹோஸ்டிங் கையால் எழுதியதற்கு இலவசமாகவே கிடைக்கும். விக்ஸில் சொந்த டொமைன் வைக்கப் பணம் கட்ட வேண்டும், கூகுள் சைட்ஸில் வேண்டாம்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு

கல் வகைகள், வீட்டின் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று மாறாத பக்கங்களைக் கையால் எழுதி முதன்மை டொமைனில் வையுங்கள். படைப்பு தேதி, கூட்ட அறிவிப்பு போன்ற மாறும் விஷயங்களுக்கு அதே டொமைனின் துணை முகவரியில் கூகுள் சைட்ஸ். டொமைன் உங்களுடையதுதான் என்று கூகுளிடம் உறுதிசெய்து, டொமைன் அமைப்பில் துணை முகவரியைக் கூகுளுக்குத் திருப்பிவிடும் ஒரு 'சிநேம்' வரி சேர்த்தால், பங்காளிகள் தங்கள் ஜிமெயிலிலேயே நுழைந்து திருத்திக்கொள்வார்கள். டொமைனை மட்டும் ஹோஸ்டிங்காரரிடம் வாங்காமல் தனிப் பதிவாளரிடம் வாங்குங்கள். அந்தக் கணக்கின் மாற்று மின்னஞ்சலாக வீட்டில் இன்னொருவருடையதைக் கொடுத்து, புதுப்பிக்கும் தேதியை அவர் காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.