சிகுரூப் எந்த அடைவில் இருக்க வேண்டும்? பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம், சிபியூ நேரத்தில் எவ்வளவு பங்கு பெறலாம் என்று லினக்ஸில் வரம்பு போடுவது சிகுரூப். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) அது சேர்ந்துவிட்டது. அதன் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும்; அவற்றை எந்த அடைவில் மவுண்ட் செய்வது, அதாவது பொருத்துவது, என்பது மட்டும் அவரவர் விருப்பமாக இருந்தது. சிலர் /டெவ்/சிகுரூப் என்று வைத்தார்கள், சிலர் /எம்என்டி/சிகுரூப் என்று வைத்தார்கள். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 எல்லாவற்றுக்கும் மேலுள்ள மூல அடைவிலேயே /சிகுரூப் என்று வைத்தது. 2010இல் 2.6.36 கெர்னல் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற காலி அடைவைத் தானே உருவாக்கித் தந்த பிறகுதான் இந்தக் குழப்பம் அடங்கியது. சரியான தேர்வும் அதுவே. /டெவ் சாதனக் கோப்புகளுக்கான இடம், மூல அடைவு நிர்வாகியின் இடம். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகளுக்கு /சிஸ் தான் பொருத்தம். அதற்குள் நாமாக அடைவு உருவாக்க முடியாது என்பதால் கெர்னலே உருவாக்கித் தர வேண்டியிருந்தது.

இடம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. பழைய ஸ்கிரிப்டுகள் உடைவது பெரும்பாலும் இதனால்தான். சிகுரூப்பின் முதல் பதிப்பில் அங்கே ஒரு டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியில் மட்டும் இருக்கும் தற்காலிகக் கோப்பு முறைமை) இருக்கும். அதற்குள் மெமரிக்கு ஓர் அடைவு, சிபியூவுக்கு ஓர் அடைவு என்று தனித்தனி மரங்கள். 2016இல் 4.5 கெர்னலோடு அதிகாரப்பூர்வமாக வந்த இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மரம். இரண்டும் கலந்த அமைப்பில் புதிய மரம் யூனிஃபைட் என்ற உள் அடைவில் ஒதுங்கியிருக்கும். ஃபெடோரா 31, டெபியன் 11, ரெட் ஹேட் 9 ஆகிய மூன்று லினக்ஸ் வெளியீடுகளிலும் இயல்பாகவே இரண்டாம் பதிப்புதான். எது இருக்கிறது என்று அறிய, அந்த அடைவின் கோப்பு முறைமை வகையை ஸ்டாட் கட்டளையால் கேளுங்கள். சிகுரூப்2எஃப்எஸ் என்றால் புதியது, டிஎம்பிஎஃப்எஸ் என்றால் பழையது அல்லது கலப்பு. புரோகிராம் எழுதுகிறவர்கள் பாதையை நேரடியாகப் பதிக்காமல் எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பட்டியலிடும் /ப்ரோக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோவைப் படித்து இடத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. ஜாவாவின் பழைய வெளியீடுகளுக்கு இரண்டாம் பதிப்பு தெரியாது. கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) வரம்பு இருப்பதை அறியாமல், முழு இயந்திரத்தின் மெமரியைக் கணக்கிட்டு, தன் தரவை வைக்கும் ஹீப்பை வளர்த்து, கடைசியில் ஜாவா புரோகிராம் கெர்னலால் கொல்லப்படும். ஜாவா 15 முதல் சரி; 11இல் 11.0.16 தேவை.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும் இயந்திரத்தில் மரத்தின் உச்சியில் நாமே அடைவு உருவாக்கக் கூடாது. உருவாக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மரத்துக்கு ஒரே உரிமையாளர் என்பது விதி, அந்த உரிமையாளர் சிஸ்டம்டி. நாம் செய்த மாற்றத்தை அது எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சேவைக்கு மெமரிமேக்ஸ் என்ற மெமரி வரம்பு மட்டும் போதுமென்றால் அதன் யூனிட் கோப்பில் (சிஸ்டம்டி படிக்கும் அமைப்புக் கோப்பு) எழுதிவிடுங்கள். உள் குழுக்களும் தேவையென்றால், கீழுள்ள கிளையைச் சேவையிடமே ஒப்படைக்கும் டெலிகேட்=யெஸ் என்ற வரியைச் சேர்த்து, அந்தச் சேவையின் அடைவுக்குக் கீழே மட்டும் கிளை விடுங்கள்.

அங்கே பலரும் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: கீழுள்ள குழுக்களுக்கு எந்தக் கட்டுப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் சப்ட்ரீ_கன்ட்ரோல் கோப்பில் +மெமரி என்று எழுதினால் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று திரும்பி வரும். புரோசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) நேரடியாக உட்கார்ந்திருக்கும் அடைவிலிருந்து, மரத்தின் உச்சி தவிர, கீழே மெமரிக் கட்டுப்பாட்டைப் பிரித்துக் கொடுக்க முடியாது. முதலில் ஒரு கடைக்கிளை அடைவை உருவாக்கி, புரோசஸ்களை அதற்கு நகர்த்திவிட்டுப் பிறகு எழுத வேண்டும். சிஸ்டம்டி 254 முதல் டெலிகேட்சப்குரூப் என்ற அமைப்பு, புரோசஸ்களைக் கடைக்கிளையில் வைப்பதை மட்டும் தானே செய்துவிடும்.

மெமரி வரம்புக் கோப்பான மெமரி.மேக்ஸில் 500எம் என்று எழுதலாம். திரும்பப் படித்தால் பைட் கணக்கில் 524288000 என்று வரும். ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்டில் இதைக் கவனியுங்கள். ஸ்வாப் (மெமரி போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) உள்ள இயந்திரத்தில் மெமரி.ஸ்வாப்.மேக்ஸையும் சேர்த்து வரையறுக்காவிட்டால் புரோகிராம் சாகாமல் ஸ்வாப்பில் வழிந்து இயந்திரத்தையே மந்தமாக்கும். குழுவை நீக்க, அடைவை நீக்கும் ஆர்எம்டிஐஆர் கட்டளை மட்டுமே. உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் வேலை செய்யாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்க கெர்னல் விடாது.