லைட் டூட்டி நாள்களில் போன சம்பளம்: சிங்கப்பூரில் வேலை செய்வோர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, 2022ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் ஊர்ப் பையன்கள் இருவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் பலகை பிரிக்கும்போது இரும்புச் சட்டம் சரிந்து, என் இடக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. மருத்துவமனையில் அறுவை செய்து கம்பி வைத்தார்கள். மூன்று வாரம் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். மருத்துவச் செலவை நிறுவனம் கட்டிவிட்டதால், நம் ஆட்கள் நல்லவர்கள் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னவன் நான். ஏமாற்று வேலை வெளியே தெரியத் தொடங்கியது நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான்.

எனக்குத் தினச் சம்பளம் 22 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாதம் 26 நாளுக்கு 572 வெள்ளி பேசிக் (அடிப்படைச் சம்பளம்), அதன்மேல் 72 மணி நேர ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) 324 வெள்ளி என, விபத்துக்கு முன் சராசரியாக மாதம் 896 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தேன். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்துக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி மாத வருமானமே எல்லாக் கணக்குக்கும் அடிப்படை, அதில் ஓ.டி.யும் சேரும். சாதாரண எம்.சி.க்கு 14 நாள் வரையிலும் மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரையிலும் அந்தச் சராசரியை முழுமையாகவும், அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கும் கொடுக்க வேண்டும். 2020 செப்டம்பர் 1 முதல், மருத்துவர் எழுதித் தரும் லைட் டூட்டி (காயம்பட்டவருக்கான இலகு வேலை) நாள்களுக்கும் இழப்பீடு உண்டு. இதில் ஒரு வரிகூட அப்போது எனக்குத் தெரியாது.

எம்.சி. முடிந்ததும் மருத்துவர் மூன்று வாரம் லைட் டூட்டி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டுகளைப் பிரித்து வைக்கச் சொன்னார், ஓ.டி. இல்லாமல் வெறும் 22 வெள்ளி வீதம் சம்பளம் போட்டார்கள். கேட்டதற்கு, “வேலையே செய்யாதவனுக்கு ஓ.டி. எங்கேயிருந்து வரும் தம்பி?” என்றார். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதே வாரத்தில் அலுவலகத்துக்கு அழைத்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். காயம் முழுமையாக ஆறிவிட்டது, வரவேண்டிய தொகை எல்லாம் வந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்ததைப் பல மாதங்களுக்குப் பிறகே தெரிந்துகொண்டேன்.

தசைநார் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காததால், ஆகஸ்டில் மறுபடியும் அறுவை செய்து நான்கு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். விபத்தால் வந்த அந்த விடுப்பைச் சாதாரணக் காய்ச்சல் விடுப்புபோலப் பதிந்து, அதற்கும் பேசிக் மட்டுமே கொடுத்தார்கள். மார்ச் கேஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தாளைக் காட்டினார்கள். மேலே பேசினால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்கள். கடன் வாங்கி விமானம் ஏறியவனுக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் வேறு வேண்டுமா?

என் அறையில் இருந்த சிவகங்கை அண்ணன் ஒருவர்தான், விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சிடம் கோரிக்கை பதிய வேண்டும், பெர்மிட் ரத்தானாலும் கோரிக்கை சாகாது என்று சொல்லி, நவம்பரில் என்னை இழுத்துக்கொண்டு போனார். எங்கே போவது என்று தெரியாதவர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ, லிட்டில் இந்தியாவில் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் டிடபிள்யூசி2 அமைப்பிடமோ கேட்கலாம். நான் கையெழுத்திட்ட அந்தத் தாளால் சட்டம் கொடுத்த உரிமை அற்றுப்போகாது என்பதும் விசாரித்த பிறகுதான் விளங்கியது.

மருத்துவப் பரிசோதனையில் 4 விழுக்காடு நிரந்தரக் குறைபாடு என்று மதிப்பிட்டார்கள். காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்திடமிருந்து மதிப்பீட்டு அறிவிப்பு வந்தபோது, விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். அந்த அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்பள வரியில் விரலை வைத்தார்: 572 என்று இருந்தது. நிறுவனம் பேசிக்கை மட்டுமே தெரிவித்திருக்கிறது. அந்தக் குறைந்த சம்பளக் கணக்கின்படி எனக்கு வரவிருந்தது, நிரந்தரக் குறைபாட்டு இழப்பீட்டின் அப்போதைய குறைந்தபட்ச வரம்பான 97,000 வெள்ளியில் 4 விழுக்காடு, அதாவது 3,880 வெள்ளி மட்டுமே. ஆட்சேபம் சொல்ல 14 நாள்தான் அவகாசம். அன்று பதினோராவது நாள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். சராசரியைத் திருத்தி, தொகையைக் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு அறுவைகளின் விடுப்புக்கும் குறைத்துக் கொடுத்த பணமும் வந்து சேர்ந்தது.

லைட் டூட்டி வாரங்களுக்கான பணம் மட்டும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நான் அந்த மூன்று வாரமும் வழக்கமான வேலை செய்ததாகப் பதிந்திருந்தார்கள். மருத்துவர் எழுதிய சீட்டைச் சூப்பர்வைசர் எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. கொடுப்பதற்கு முன் அதைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையில் நகல் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். அதற்குள் நான் கணக்கை முடித்துக்கொண்டு அறந்தாங்கிக்கு வந்துவிட்டேன்.